என் மகள் போட்ட மலைத்தலைவர் வேஷம்

"அம்மா, கடைசியில அவர் ஜெயிச்சாரா, தோத்தாரா?"

சிட்னியில், பரமட்டா ரயில் நிலையத்துப் படிக்கட்டில், என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது மகள் கேட்ட கேள்வி இது. நான் சரித்திரத்தில் பட்டம் வாங்கியவள். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் இரண்டு வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியும் இருக்கிறேன். இருந்தும், எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

அவள் கேட்டது ஒரு மலைத்தலைவரைப் பற்றி. ஆங்கிலேயர் பஞ்சாபைப் பிடிப்பதற்கு முன்னால் லாகூரில் ஒரு சீக்கிய மகாராஜா ஆண்டார். அவருடைய ராஜ்யம் சிந்து நதிக்கரை மலைகளுக்குள் விரிந்துகொண்டே போனபோது, அதற்குப் பணியாமல் வருஷக்கணக்கில் சண்டை போட்ட ஒரு குலத்தின் தலைவர் அவர். பெயர் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரையில் யாருடைய பெயரும் வராது. சிட்னியில் நம்மவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஒரு பெயரை எழுதினால் எந்தத் தெரு, எந்த வீடு என்பதுவரை தெரிந்துவிடும்.

அந்தத் தலைவரைப் பற்றி நான் கல்லூரியில் படிக்கவில்லை. மகாராஜாவைப் பற்றிப் படித்தேன். அவருடைய படை, பீரங்கி, நிர்வாகம் எல்லாவற்றையும் பத்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தேன். விடையின் கடைசியில் ஒரு வரி வரும்: 'மலைப்பகுதிகளில் கலகம் செய்த பழங்குடிகளை அடக்கினார்.' அந்த வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அடக்கப்பட்டவர்களுக்கு முகம் இருக்கும், அந்த முகத்தின் சாயலில் ஒரு பெண் பரமட்டாவில் என் பக்கத்துக் கட்டிடத்தில் குடியிருப்பாள் என்று அப்போது யார் கண்டது?

அந்தப் பெண் பாகிஸ்தானின் மலைப்பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. எங்கள் இரண்டு நாட்டுக்கும் யுத்தம் முடிந்து சில வருஷங்களே ஆகியிருந்த நேரம். முதலில் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலில் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டோம். குழந்தைகள் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. வகுப்பிலேயே அந்த இரண்டு பேரோடு மட்டும்தான் யாரும் சேர்ந்து உட்காரவில்லை. ஆகவே அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் ஓயாமல் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்க மாட்டாள். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சுற்றி இருக்கிற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம். தலையில் வைக்கிற தேங்காயெண்ணெய்க்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்களாம். இதெல்லாம் எனக்கு அவள் தோழி சொல்லித்தான் தெரியும். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டாள். பார்த்தேன். காது நன்றாகத்தான் இருந்தது. எண்ணெயை நிறுத்தினேன். இட்லியை நிறுத்தி ரொட்டி கொடுத்தனுப்பினேன். அதன் பிறகும் அவள் பேசவில்லை. நான் நிறுத்தியதுதான் தப்போ, 'ஆமாம், உன்னிடம் ஏதோ குறை இருக்கிறது' என்று நானே அவளிடம் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டதோ என்று பிறகு யோசித்தேன். நான் எதையும் பிறகுதான் யோசிப்பேன்.

அந்த வருஷம் தீபாவளி விழாவுக்கு, வருஷாவருஷம் போல, எங்கள் சங்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தைப் பிடித்திருந்தது. பஞ்சாபி, குஜராத்தி, தமிழ், சிலோன் தமிழர் என்று எல்லாரும் சேர்ந்த சங்கம். தனித்தனியாக வைத்துக்கொள்ள ஆள் ஏது? விழாவில் குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி உண்டு. அதை நடத்துபவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். பரமட்டாவில் ஒரு டாக்டரின் மனைவி. அவர் அதை 'வினோத உடைப் போட்டி' என்பார். டெலிபோனில் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை, உங்கட மகள் இந்த முறை என்ன வேஷம்? போன முறை மாதிரிக் கொடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழப்போறாவோ?"

போன வருஷம் பாரத மாதா. மேடையில் ஒரு வார்த்தை வரவில்லை. நான்தான் போய்த் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

"தெரியல அக்கா. இன்னும் கேக்கல."

"கேளுங்கோ. அழுகிறதெண்டாலும் பரவாயில்லை, நல்ல உடுப்போட அழட்டும்."

கேட்டேன். மகள் உடனே பதில் சொன்னாள். தோழி வீட்டில் கதையாகச் சொல்லும் அந்த மலைத்தலைவராகப் போகப்போகிறாளாம். அவள் நாலு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தமிழும் இங்கிலீஷும் கலந்து, கையை ஓங்கி, சத்தமாக. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறு நிமிஷமே இந்த வேஷம் வேண்டாமே என்றும் தோன்றியது.

காரணம், எதிர் வீட்டு ஸர்தார்ஜி தம்பதி. நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று, யார் என்றே தெரியாத எங்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து, வாடகைக்கு இடம் கிடைக்கும்வரை தங்கள் பின்னறையில் வைத்துக்கொண்டவர்கள். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அந்த ஆன்ட்டிதான் மடியில் போட்டுக்கொள்வாள். ஸர்தார்ஜியின் தலைப்பாகைத் துணி ஐந்து கஜத்துக்கு மேல் இருக்கும். கட்டுவதற்கு முன் அதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, நீளவாக்கில் மடிக்க வேண்டும். முன்பெல்லாம் மறுமுனையை அவர் மகன் பிடிப்பானாம். அவன் சிட்னிக்கு வந்த பிறகு முடியை வெட்டிக்கொண்டு, வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது சனிக்கிழமைகளில் மறுமுனையைப் பிடிப்பது என் மகள். "இன்னும் இழு, இன்னும் இழு!" என்று அவர் கத்துவார்; இவள் சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுப்பாள்.

அந்த மனிதர் முன்னால் இவள் போய் மகாராஜாவை எதிர்த்து வசனம் பேசுவதா?

கணவரிடம் சொன்னேன். "உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா?" என்றார். "ராணி வேஷம் போடச் சொல்லேன். இல்ல, அந்த மீசை வச்ச பாளையக்காரர். நம்ம ஆளு, ஒரு வம்பும் இல்ல."

"அவரும் வரி கொடுக்க மாட்டேன்னு எதுத்து நின்னவர்தானே? இவரும் அதேதானே?"

"அவர் எதுத்தது வெள்ளைக்காரனை. அவன் யாரும் நம்ம எதிர்வீட்டுல இல்ல."

"மீதி எல்லா வீட்டுலயும் அவன்தானே இருக்கான்!" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் அனுமதி என்று வாயால் சொல்லவில்லை.

சரி, முதலில் கதை உண்மைதானா என்று பார்ப்போம் என்று தோழியின் அம்மாவிடம் போனேன். பாடம் நடத்தியவள் அல்லவா, ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்க மனசு வராது. அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நாங்கள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"முதல்ல சமவெளி வயல் போச்சு. அப்புறம் ஒவ்வொரு கோட்டையா போச்சு. ஊரைக் கொளுத்தினாங்க. கடைசியில ஆத்துக்கு அந்தக் கரையில கொஞ்சம் இடம்தான் மிச்சம். அங்கேருந்து திரும்பத் திரும்ப ஆத்தைத் தாண்டி வந்து அடிச்சார். தர்பாருக்கு வா, கும்பிடு, எல்லாத்தையும் திருப்பித் தர்றோம்னு சொல்லி அனுப்பினாங்களாம். போகலை. சாகிறவரைக்கும் போகலை."

"ஜெயிச்சாரா?" என்று நானும் என் மகளைப் போலவே கேட்டேன்.

அவள் மாவிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: "ஜெயிச்சிருந்தா உங்க புஸ்தகத்துல பேர் இருந்திருக்குமே, டீச்சரம்மா!"

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் தீர்மானம் வந்தது. என் மகளுக்கு இந்தத் தலைவரைப் பிடித்ததில் ஆச்சரியம் என்ன? ஜெயித்தவர்கள் கதை அவளுக்கு எதற்கு? வகுப்பில் முப்பது பேருக்கு நடுவில் அவள் எப்படி ஜெயிப்பாள்? தோற்றுக்கொண்டே இருந்தாலும் தலைகுனிய வேண்டியதில்லை என்று ஒருவர் நின்று காட்டியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைத் திறக்கிறாள். அந்த வாயை நானே பொத்துவேனா? மாட்டேன். வசனத்தை அவளும் நானுமாக உட்கார்ந்து எழுதினோம். ஒரு சமூகத்தையோ மதத்தையோ திட்டுகிற சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன்.

விழா நாள். ஜகரண்டா பூக்கும் காலம். தெருவெல்லாம் ஊதா நிறம். எங்களைக் காரில் அழைத்துப் போக ஸர்தார்ஜி வந்தார். நான் கணவரின் கல்யாண அங்கவஸ்திரத்தை மகள் தலையில் சுற்றச் சுற்ற அது சரிந்துகொண்டே இருந்தது. "நகரு, நகரு!" என்று என்னை விலக்கிவிட்டு, எதிரே தன் வீட்டுக்குப் போய் கருஞ்சிவப்புத் துணி ஒன்றை எடுத்து வந்தார். கணவரை மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். துணி மடிந்ததும் மகளின் மோவாயை நிமிர்த்தி, ஒரு முனையை அவள் பல்லில் கடிக்கச் சொல்லிச் சுற்ற ஆரம்பித்தார்.

"யார் பேட்டா நீ இன்னிக்கு? எங்க மகாராஜாவா? தளபதியா?"

நான் குறுக்கே ஏதோ சொல்லி மழுப்ப வாயெடுத்தேன். மகள் துணியைப் பல்லிலிருந்து விட்டுவிட்டுப் பதில் சொன்னாள். தலைவரின் பெயரை, குலத்தின் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். "உங்க மகாராஜாவோட சண்டை போட்டவர், அங்கிள்," என்று விளக்கமும் சொன்னாள்.

அவர் கை நின்றது. என் கணவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். ஸர்தார்ஜி என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருக்க வேண்டுமோ?

"பல்லுல கடி," என்றார் மகளிடம். மிச்சத்தையும் சுற்றினார். அவசரமில்லாமல், ஒவ்வொரு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, தனக்குக் கட்டிக்கொள்வதுபோலவே கட்டி முடித்தார். 

மண்டபத்தில் வேறு விதமாக ஒரு தகராறு காத்திருந்தது. என் அழைப்பின்பேரில் தோழியை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் என் மகளைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது யார் கட்டினது? இது அவங்க கட்டு! எங்க ஆளுங்க உயரமா ஒரு குல்லா வச்சு அதைச் சுத்திக் கட்டுவாங்க, பின்னாடி வால் தொங்கும். எங்க பாட்டனாருக்குப் போய் இந்தக் கட்டா? வா இங்கே, அவிழ்க்கிறேன்."

மகள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள் கட்டினது. அவிழ்க்க மாட்டேன்."

"நீ அவர் இல்லியா அப்போ?"

"நான் அவர்தான். இது எங்க அங்கிள் கட்டினது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.  நானும் யோசிக்காத விஷயம்தான். துணி என்றால் துணி, தலைப்பாகை என்றால் தலைப்பாகை என்று நினைக்கிற தெற்கத்திக்காரி நான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கோபம் பாதி, சிரிப்பு பாதி.

ஆகவே அந்த மலைத்தலைவர் தன் எதிரிகளின் கட்டோடுதான் மேடை ஏறினார். ஏறியதும் கைதட்டல். பஞ்சாபிக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்துதான் அதிகம். தங்கள் வீரர்களில் யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் எதிர்வீட்டு ஆன்ட்டி எல்லாரையும்விட பலமாகத் தட்டினாள். மனைவியிடம் எதுவும் சொல்லாமல் ஸர்தார்ஜி பின்சுவரில் சாய்ந்து நின்றார்.

மகள் ஆரம்பித்தாள். நடுக்கமில்லாத குரல்.

"லாகூர் ராஜாவே, கேள். நான் மலைக்காரன். என் வயலை எடுத்துக்கொண்டாய். என் கோட்டைகளை எடுத்துக்கொண்டாய். உன்னிடம் பீரங்கி இருக்கிறது. என்னிடம் ஆறு இருக்கிறது."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. யாரோ ஒரு நாற்காலியைத் தள்ளினார்கள். எழுந்து நின்றது பஞ்சாபிக்காரர் யாரும் இல்லை. எங்கள் சங்கச் செயலாளர், நம் ஊர்க்காரர்.

"என்னம்மா இது? இது தீபாவளி விழாவா, பாகிஸ்தான் விழாவா? குழந்தையை இறக்குங்க!"

மேடையில் மைக்குக்குப் பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அக்கா என்னைத் தேடினார். "என்ன பிள்ளை, இறக்கட்டோ?"

பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். அப்படிப்பட்ட நான் எழுந்து நின்றேன்.  "இறக்காதீங்க அக்கா. அவ இன்னும் முடிக்கல."

"கேட்டுதோ ஐயா?" என்றார் அக்கா மைக்கிலேயே. "பிள்ளை முடிக்கேல்லையாம். நீங்கள் இருங்கோ. முறுக்கு வரும்."

செயலாளர் உட்காரவில்லை. மகளும் நிறுத்தவில்லை. அவரையே நேராகப் பார்த்துக்கொண்டு, அவர்தான் லாகூர் ராஜா என்பதுபோல, மிச்சத்தைச் சொன்னாள்.

"உன் தர்பாருக்கு வந்து குனியச் சொல்கிறாய். குனிந்தால் வயலைத் தருவதாகச் சொல்கிறாய். வயல் உன்னிடமே இருக்கட்டும். தலை என்னிடம் இருக்கிறது."

வணக்கம் சொல்லாமல் இறங்கினாள். கைதட்டியவர்கள் மூன்று பேர்: அக்கா, தோழி, தோழியின் அம்மா. நாலாவது ஆளாக நான் தட்டினேனா என்று எனக்கு நினைவில்லை.

திரும்பும்போதும் ஸர்தார்ஜிதான் கார் ஓட்டினார். அவர் மனைவி முன்னால், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வாசலில் நிறுத்திய பிறகு, அவர் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க வீட்டுலயும் அந்த ஆளைப் பத்திக் கதை உண்டு பேட்டா. எங்க கொள்ளுத்தாத்தா அந்த மலையில சிப்பாயா இருந்தவர். எங்க கதையில அவன் சொன்ன சொல்லைக் காப்பாத்தாதவன். சமாதானம் பேசிட்டுப் போய் மறுபடி வந்து அடிக்கிறவன். அவரோட அண்ணன் தம்பி ரெண்டு பேர் அங்கேயே செத்துப்போனாங்க." பிறகு என்னிடம், "உங்க புஸ்தகத்துல இதுவும் இல்லதானே?" என்றார்.

இல்லை. அதுவும் இல்லை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். சங்கம் கூடிப் பேசி, பொங்கல் விழாவில் நான் மேடையேறி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறது. இல்லையென்றால் என் மகளுக்கு இனி மேடை கிடையாதாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். கணவர் தலையைச் சொறிந்தார், ஆனால் அவரும் கூட நின்றார். தோற்றவர்களின் கதையைத் தோற்றவர்களின் வாயால் சொல்வதற்கு வருத்தம் எதற்கு? மேடை இல்லையென்றால் போகட்டும். போன வாரம் ஆசிரியை மறுபடி என்னைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை, "உங்கள் மகள் வகுப்பில் கொஞ்சம் குறைவாகப் பேசினால் நல்லது," என்றாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் நான் சிரித்த சிரிப்பை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் சங்கம் ஒன்று, எதிர்வீடு வேறு. ஆன்ட்டி இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் போனேன். கதவைத் திறந்தாள், தேநீர் கொடுத்தாள், வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான்தான் முதல்ல கைதட்டினேன். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. உன்கிட்ட நான் எதுவும் கேக்கலை. சங்கம் கேக்கற மாதிரி மேடையும் கேக்கலை. என் மடியில தூங்கின பொண்ணு, அவ ஒரு தடவை வந்து எனக்கு மட்டும் ஸாரி சொல்லட்டும். போதும்."

மகளிடம் சொன்னேன். அவள் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டிக்கு நான் என்ன செஞ்சேன்? நான் ராஜாகிட்டதானே பேசினேன்? ஆன்ட்டியைப் பாக்கணும்னா இப்பவே வர்றேன். ஆனா ஸாரி எதுக்கு?"

சரித்திரப்படி அவள் சொல்வது சரி. ஆன்ட்டி அழுததும் பொய்யில்லை. 'பெரியவங்க, சொல்லிட்டா என்ன குறைஞ்சா போயிடுவோம்?' என்றுதான் என்னை வளர்த்தார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நான் இப்படி ஆனேன். இப்போதுதான் நிமிர்ந்த ஒரு குழந்தையை, அவளை நேசிக்கிறவர் முன்னாலேயே ஆனாலும், குனியச் சொன்னால் அவள் வகுப்பிலும் மறுபடி குனிந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால், நிமிர்வது என்பது பிறர் மனசு நோவதைப் பார்க்காமலிருப்பது என்று அவள் கற்றுக்கொள்வாளோ என்று அதுவும் பயமாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் பெண் குழந்தைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். இரண்டு வீடுகளின் சாப்பாட்டில் குழந்தை வளர்த்தவர்களும் இருப்பீர்கள். சங்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்று நான் கேட்கவில்லை, அதைச் சொல்லியாகிவிட்டது. அந்த ஆன்ட்டியின் வீட்டு வாசலில் என் மகளைக் கொண்டுபோய் நிறுத்தும்போது, அவள் வாயில் நான் எந்த வார்த்தையை வைப்பது, அல்லது ஒன்றுமே வைக்காமல் விடலாமா என்பதை மட்டும், உங்களுக்குத் தெரிந்தால், பத்திரிகை ஆசிரியர் மூலமாக எனக்கு எழுதுங்கள்.